பார்ன்ஸ்லியின் நடுகளமும் ‘ஃபார்ம்’ என்னும் கணக்கும்

பார்ன்ஸ்லி கால்பந்து அணியில் விமல் யோகநாதன் என்ற தமிழ் மிட்ஃபீல்டரின் (நடுகள ஆட்டக்காரரின்) பெயரைப் பார்த்துவிட்டு இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவான லீக் ஒன்னைப் பார்க்க ஆரம்பித்த நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். “கடைசி ஆறு ஆட்டங்களை வைத்து ரசிகர்கள் ஒரு அணியைத் தூக்கியும் போட்டும் பேசுகிறார்களே, அந்த ஃபார்முக்கு ஏதாவது மதிப்பு உண்டா? லூக்கா கொனெல், ஆடம் ஃபிலிப்ஸ், ஹெர்பி கேன் என்ற மூன்று மிட்ஃபீல்டர்களில் யார் பெரியவர் என்று பார்ன்ஸ்லிக்காரர்கள் அடித்துக்கொண்டார்களே, யார் பக்கம் நியாயம்?”

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொன்னால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

பார்ன்ஸ்லி தெற்கு யார்க்ஷயரில் இருக்கும் பழைய நிலக்கரி ஊர். நம்மூரில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அந்த ஊரை வேறு வழியில் தெரிந்திருக்கும்: வெள்ளைத் தொப்பி போட்ட அம்பயர் டிக்கி பேர்ட் அந்த ஊர்க்காரர், இந்த அணியின் ரசிகராக இருந்தவர். 1912இல் எஃப்ஏ கோப்பையை வென்ற கிளப் இது. பிரீமியர் லீகில் ஆடியது 1997-98 என்ற ஒரே ஒரு பருவம்தான். மற்றபடி இரண்டாம் பிரிவுக்கும் மூன்றாம் பிரிவுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நன்றாக ஆடும் ஆட்டக்காரனை மேலே இருப்பவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள், இவர்கள் மறுபடி தேடுவார்கள். இது பார்ன்ஸ்லியின் குறை என்று சொல்ல முடியாது, அந்த மட்டத்தில் பெரும்பாலான கிளப்புகள் பிழைப்பதே அப்படித்தான்.

இந்த ஏற்ற இறக்கத்தால் நமக்கு ஒரு வசதி. கீழ்ப்பிரிவில் ஒரு மிட்ஃபீல்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவர் ஆடும்போது சரியாகத் தெரிவதில்லை, போன பிறகு தெரிந்துவிடுகிறது. பார்ன்ஸ்லி வரலாற்றில் பத்து வருடத்துக்குள் இந்தச் சோதனை இரண்டு தடவை நடந்திருக்கிறது.

முதல் தடவை கோனர் ஹூரிஹேன். அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த இடதுகால் ஆட்டக்காரர். இளம் வயதில் சண்டர்லாண்ட், இப்ஸ்விச் என்று பெரிய கிளப்புகளில் இருந்தும் அங்கே லீக் ஆட்டம் கிடைக்கவில்லை. நான்காம் பிரிவுக்கு இறங்கி, பிளிமத்தில் ஆடி, 2014இல் பார்ன்ஸ்லிக்கு வந்தார். 2015-16 பருவத்தில் குளிர்காலம் தொடங்கும்போது பார்ன்ஸ்லி லீக் ஒன்னின் கடைசி இடத்தில் கிடந்தது. அன்றைக்கு ஃபார்ம் பட்டியலைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் நான்காம் பிரிவுக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று என்றுதான் சொல்லியிருப்பார். நடந்தது வேறு. பிப்ரவரியில் மேலாளர் லீ ஜான்சன் பிரிஸ்டல் சிட்டிக்குப் போனார், பால் ஹெக்கிங்பாட்டம் தற்காலிகப் பொறுப்பு ஏற்றார். 74 புள்ளிகளோடு ஆறாவது இடம் பிடித்து ப்ளே-ஆஃபுக்குள் (நேராக மேலே போகும் முதல் இரண்டு இடத்துக்கு அடுத்து வருபவர்கள் மீதி ஒரு இடத்துக்கு மோதுவது) நுழைந்து, வெம்ப்ளியில் மில்வாலை 3-1 என்று வீழ்த்தி மேலே போனார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் இதே வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்டை 3-2 என்று வென்று ஃபுட்பால் லீக் டிராஃபியையும் எடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் கேப்டன் ஹூரிஹேன்.

அந்த அணியில் அவர் செய்தது என்ன? கோல் அடித்தார், கார்னர், ஃப்ரீகிக் எல்லாம் அவர் காலில்தான் போகும். இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அப்போதும் ஒரு கூட்டம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது: ஓட மாட்டேன் என்கிறார், டேக்கிள் போடுவதெல்லாம் பக்கத்தில் இருக்கும் ஜோஷ் ஸ்கோவன்தான், இவர் அதன் மேல் சவாரி செய்கிறார் என்று. பேச்சில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஸ்கோவன் மாதிரி ஒரு ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் ஹூரிஹேனுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்திருக்காது. ஆனால் 2017 ஜனவரியில் ஹூரிஹேன் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோது ஸ்கோவன் அங்கேயேதான் இருந்தார். பட்டியலின் மேல் பாதியில் இருந்த அணி சரிந்து 14ஆவதாக முடித்தது. அடுத்த பருவம் லீக் ஒன்னுக்கே திரும்பிவிட்டது. வேறு சிலரும் அந்த நேரத்தில் விற்கப்பட்டார்கள் என்பதால் பழி முழுவதையும் ஒருவர் போனதன் மேல் போட முடியாது. ஆனாலும் பந்தை வாங்கி முன்னே பார்த்து அனுப்பும் அந்த ஒரு இடம் காலியானது மைதானத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

இரண்டாவது தடவை அலெக்ஸ் மோவாட். இவரும் இடதுகால், இவரும் கேப்டன். பார்ன்ஸ்லிக்கும் இடதுகால் நடுகளத்துக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போல. 2020-21இல் அணி சாம்பியன்ஷிப்பில், அதாவது இரண்டாம் பிரிவில் இருந்தது. தொடக்கத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. மேலாளர் அமெரிக்காவுக்குப் போய்விட, அக்டோபரில் வலேரியன் இஸ்மாயல் வந்தார். அவருடைய ஆட்டம் பார்க்க அழகாக இருக்காது. பின்னாலிருந்து நீளமாகத் தூக்கி அடி, விழும் இடத்தில் கூட்டமாகப் போய் மோது, எதிரணியை மூச்சுவிட விடாதே, அவ்வளவுதான். பாஸ் துல்லியத்தில் அந்தப் பிரிவின் அடிமட்டத்தில் இருந்த அணி, பட்டியலில் ஐந்தாவது இடம் பிடித்தது. ப்ளே-ஆஃப் அரையிறுதியில் ஸ்வான்சியிடம் தோற்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கீழ்ப்பிரிவு மிட்ஃபீல்டரை எடைபோடுவதில் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான்.

அந்த அணியில் மோவாட்டின் பாஸ் சதவீதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் ‘சுமார்’ என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் நீளப் பந்து ஆட்டத்தில் முக்கியம் முதல் பந்து இல்லை, இரண்டாம் பந்து. அதாவது, மேலே தூக்கி அடித்த பந்துக்கு ஒரு டிஃபெண்டரும் ஒரு ஸ்ட்ரைக்கரும் எகிறுகிறார்கள், தலையில் பட்டு எங்கோ தெறிக்கிறது. அந்தத் தெறித்த பந்து யாருக்கு என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. அங்கே முதலில் போய் நிற்பவன் பந்து தெறித்த பிறகு ஓட ஆரம்பிப்பதில்லை. டிஃபெண்டர் எந்தத் தோளைக் கொடுத்து எகிறுகிறான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இரண்டு அடி முன்கூட்டியே நகர்ந்திருப்பான். பந்து வந்ததும் ஒரே தொடுதலில் அகலத்துக்குத் தள்ளிவிடுவான். புள்ளிவிவரச் செயலிகளில் இந்த இரண்டு அடி ஏறுவதில்லை, ஏறுவது அதற்குப் பிறகு வரும் பாஸ் மட்டும்தான். நீங்கள் அடுத்த முறை பார்க்கும்போது கோல் கிக் அடிக்கும் நேரத்தில் பந்தை விட்டுவிட்டு நடுகளத்தில் நிற்பவரின் காலைப் பாருங்கள். பத்துக் கோல் கிக் பார்த்தால் போதும், ஆளைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும்.

பருவம் முடிந்ததும் இஸ்மாயல் வெஸ்ட் பிராமுக்குப் போனார். ஒப்பந்தம் முடிந்திருந்த மோவாட்டும் அவர் பின்னாலேயே போனார், பார்ன்ஸ்லிக்கு ஒரு பைசாகூட வரவில்லை. அடுத்த பருவம் பார்ன்ஸ்லி 46 ஆட்டங்களில் வென்றது ஆறு. 30 புள்ளிகள், 24ஆவதான கடைசி இடம், மறுபடி லீக் ஒன். புள்ளி கழிக்கப்பட்ட டார்பிகூட அவர்களுக்கு மேலே முடித்தது.

சரி, இப்போது கொனெல், கேன், ஃபிலிப்ஸ். மூவரும் சேர்ந்து ஆடிய நல்ல பருவம் 2022-23. மேலாளர் மைக்கேல் டஃப். பின்னால் மூன்று டிஃபெண்டர், இரண்டு பக்கமும் ஓரமாக ஏறி இறங்கும் விங்-பேக், நடுவில் இந்த மூவர். கொனெல் கீழே நிற்பார், இடதுகாலால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பந்தை மாற்றிக்கொடுப்பார். ஸ்காட்லாந்தின் செல்டிக்கில் சேர்ந்தும் முதல் அணியில் லீக் ஆட்டம் கிடைக்காமல் இங்கே வந்தவர். கேன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு முன்னே போகக்கூடியவர், நெருக்கடியில் திரும்பத் தெரிந்தவர். ஃபிலிப்ஸ் பெனால்டி பெட்டிக்குள் தாமதமாக வந்து சேர்பவர், தூரத்திலிருந்து அடிப்பவர், கொஞ்சம் சூடானவரும்கூட. இதற்கு முன் மோர்க்கம்பில் லோனில், அதாவது வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக வந்து ஆடியவர்.

“யார் பெரியவர்” என்று கேட்டால், கோல் எண்ணிக்கையை நீட்டி ஃபிலிப்ஸ் என்பார்கள் ஒரு தரப்பு. பந்து ஆடத் தெரிந்தவர் கேன் என்பார்கள் இன்னொரு தரப்பு. என் ஓட்டு கொனெலுக்கு. காரணம், மற்ற இருவருடைய நல்ல ஆட்டமும் அவர் கீழே நிற்பதை நம்பியே இருந்தது. ஃபிலிப்ஸ் பெட்டிக்குள் ஓடினால் அவர் விட்டுப்போன இடத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கேன் இருவரைத் தாண்டப் போய் பந்தை இழந்தால் அந்த எதிர்த்தாக்குதலை ஒருவர் மறிக்க வேண்டும். கொனெல் அதைச் செய்தபடியே பந்தையும் சுற்றவிட்டார். ஃபிலிப்ஸ் இல்லாத நாளில் கோல் குறையும். கொனெல் இல்லாத நாளில் அணியின் அமைப்பே குலையும். இரண்டாவதுதான் பெரிய நஷ்டம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 கோடையில் கேன் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனார். அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் ப்ளே-ஆஃப் வரை வந்த பார்ன்ஸ்லி, அவர் போன பருவத்தில் 12ஆவது. “பார்த்தீர்களா, போன பிறகு தெரிகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அப்படியானால் கேன்தானே பெரியவர்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கேன் போய்ச் சேர்ந்த ஹடர்ஸ்ஃபீல்டும் அந்தப் பருவம் பத்தாவது இடத்தைத்தான் பிடித்தது. மூவர் சேர்ந்த ஒரு பூட்டில் அவர் ஒரு சாவி, அந்தச் சாவியை வேறு பூட்டில் போட்டால் திறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் ஒரு மிட்ஃபீல்டரைத் தனியாக நிறுத்தி மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பக்கத்தில் யார், பின்னால் யார் என்று பார்க்காமல் சொல்லும் மார்க் எல்லாம் பாதி ஊகம்.

இப்போது ஃபார்ம். 2022-23 லீக் ஒன்னை விட நல்ல பாடம் கிடைக்காது, அதுவும் பக்கத்து ஊர்ப் பகையோடு.

ஷெஃபீல்ட் வென்ஸ்டே அந்தப் பருவம் லீகில் தொடர்ந்து 23 ஆட்டங்கள் தோற்கவே இல்லை. நடுவில் பாரி பேனன், குள்ளமான ஸ்காட்லாந்துக்காரர், அந்தப் பிரிவில் யாருக்கும் இல்லாத பாஸ் அவரிடம் இருந்தது. மேலே போவது உறுதி என்று எல்லோரும் எழுதியாயிற்று. 2023 மார்ச் 21, செவ்வாய் இரவு, பார்ன்ஸ்லியின் ஓக்வெல் மைதானத்துக்கு வந்தார்கள். பார்ன்ஸ்லி 4-2. ஐந்தே நாளில் பட்டியலின் அடியில் கிடந்த ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸிடம் 1-0 என்று தோற்றார்கள். 23 ஆட்டம் தோற்காத அணி, அந்தப் பருவத்தில் கடைசி இடத்தில் முடித்த அணியிடம்! அதற்கு முதல் நாள்வரை ஃபார்ம் பட்டியல் என்ன சொல்லிக்கொண்டிருந்தது?

கடைசியில் வென்ஸ்டே எடுத்த 96 புள்ளிகள் சாதாரணமாக நேராக மேலே கொண்டுபோகும். அந்த வருடம் பிளிமத் 101, இப்ஸ்விச் 98 என்று ஓடியதால் மூன்றாவது இடம்தான். 86 புள்ளிகளோடு பார்ன்ஸ்லி நான்காவது. ப்ளே-ஆஃப் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பீட்டர்பரோவிடம் வென்ஸ்டே 4-0 என்று உதை வாங்கியது. அத்தோடு முடிந்தது என்றார்கள். இரண்டாம் ஆட்டத்தில், சொந்த மைதானத்தில் 5-1 என்று திருப்பிக் கொடுத்து, இரண்டும் சேர்ந்து 5-5 ஆனதும் பெனால்டியில் வென்றார்கள். இறுதியாட்டம் வெம்ப்ளியில், எதிரே பார்ன்ஸ்லி. இடைவேளை முடிந்த சில நிமிடங்களில் ஃபிலிப்ஸுக்குச் சிவப்பு அட்டை. மூவரில் ஒருவர் போனதும் மீதி இருந்தவர்கள் எழுபது நிமிடத்துக்கு மேல் அந்த ஓட்டையை மறைத்து ஓடினார்கள். கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டிக்குப் போகும் நொடியில், 123ஆவது நிமிடத்தில், ஜோஷ் விண்டாஸ் தலையால் முட்டிக் கோல். பார்ன்ஸ்லி ரசிகர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசினால் குரலை இறக்கித்தான் பேசுகிறார்கள்.

ஆறு ஆட்டம் என்பது 18 புள்ளிகள். மொத்தப் பருவம் 46 ஆட்டம், 138 புள்ளிகள். எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த ஆறில் எத்தனை சொந்த மைதானம், எதிரே யார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சில தளங்களில் கோப்பை ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். இளையவர்களையும் மாற்று ஆட்டக்காரர்களையும் இறக்கி ஆடும் டிராஃபி ஆட்டத்தை லீக் ஃபார்மில் சேர்த்தால் அந்தக் கணக்கு எதற்கு ஆகும்? இன்னொன்று, பனியிலும் மழையிலும் ஆட்டங்கள் தள்ளிப்போகும். ஜனவரியில் ஒரு அணி மற்ற அணியைவிட இரண்டு மூன்று ஆட்டம் குறைவாக ஆடியிருக்கும். பிறகு அந்த ஆட்டங்களை எல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் திணிப்பார்கள். சனி, செவ்வாய், சனி என்று ஓடும்போது முதலில் கால் தளர்வது நடுகளத்துக்குத்தான்.

அப்படியென்றால் ஃபார்மே பொய்யா? இல்லை. முடிவுகளை விட்டுவிட்டு ஆட்டக்காரர் பட்டியலைப் படித்தால் அதில் விஷயம் இருக்கிறது. நான் பார்ப்பது ஒன்றுதான்: தோற்ற ஆட்டங்களில் நடுவில் யார் இல்லை? மஞ்சள் அட்டைக் கணக்கு இங்கே வேலை செய்யும். முதல் 19 லீக் ஆட்டத்துக்குள் ஐந்து மஞ்சள் வாங்கினால் ஒரு ஆட்டம் வெளியே, 37க்குள் பத்து என்றால் இரண்டு ஆட்டம். பந்தை மறிக்கும் வேலை செய்பவர்தான் இதில் முதலில் மாட்டுவார். நவம்பரில் ஒரு அணி திடீரென்று மூன்று கோல் வாங்கித் தோற்றால், டிஃபெண்டரைத் திட்டுவதற்கு முன் அந்த ஆள் ஆடினாரா என்று பாருங்கள்.

லோன் இன்னொரு விஷயம். 2019-20இல் சார்ல்டன் அத்லெடிக் சாம்பியன்ஷிப்புக்கு வந்து நன்றாகவே தொடங்கியது. நடுவில் செல்சி லோனில் அனுப்பிய கோனர் காலகர், 19 வயதுப் பையன், ஓடி ஓடித் தேய்ந்தான். ஜனவரியில் செல்சி அவரைத் திரும்ப அழைத்து ஸ்வான்சிக்கு அனுப்பியது. சார்ல்டன் 22ஆவதாக முடித்துக் கீழே இறங்கியது. அவர்களுக்குக் காயங்களும் வேறு குழப்பங்களும் இருந்தன, இருந்தாலும் டிசம்பர் வரை இருந்த ஃபார்மை நம்பி ஜனவரிக்குப் பிறகு பந்தயம் கட்டியவர் ஏமாந்தார். அணியின் பெயர் அதேதான், ஆனால் நடுவில் ஆடியது வேறு அணி.

இவ்வளவும் சொன்னதால் லீக் ஒன் என்றாலே மோதலும் நீளப் பந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024-25இல் பர்மிங்காம் சிட்டி அந்தப் பிரிவில் 111 புள்ளிகள் எடுத்தது, 46இல் மூன்று மட்டுமே தோற்றது. நடுவில் பார்சிலோனா அகாடமியில் வளர்ந்த கொரியர் பைக் சியுங்-ஹோ, செல்டிக்கிலிருந்து வந்த ஜப்பானியர் தொமோகி இவாதா. பந்தைத் தரையில் வைத்தே எல்லோரையும் சுற்றவிட்டார்கள். காசு இருந்தால் அந்தப் பிரிவில் அதையும் செய்யலாம். பார்ன்ஸ்லியிடம் அந்தக் காசு இல்லை.

காசே இல்லாத அணியோடு மேலே போனவரும் ஒருவர் உண்டு, லூட்டன் டவுனின் பெல்லி ரடக் பான்ஸு. 2013-14இல் ஐந்தாம் பிரிவில் அந்த அணிக்கு ஆட வந்தவர், 2023இல் அதே சட்டையோடு பிரீமியர் லீகில் இறங்கினார். ஒரே கிளப்போடு அந்தத் தூரம் முழுக்க ஏறிய முதல் ஆட்டக்காரர் அவர்தான். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் “இந்த மட்டத்துக்கு இவர் தாங்கமாட்டார்” என்று சொந்த ரசிகர்களே சொன்னார்கள். பக்கத்தில் ஆடியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மேலாளர்களும் மாறினார்கள். அவர் பெயர் பட்டியலில் இருந்தது.

இனி விமல். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன், 2006இல் பிறந்தவர், வடக்கு வேல்ஸில் வளர்ந்தவர், லிவர்பூல் அகாடமியில் இருந்தவர். 2023 ஆகஸ்டில் லீக் கோப்பையில் டிரான்மியருக்கு எதிராக பார்ன்ஸ்லியின் முதல் அணியில் இறங்கினார். இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று செய்திகள் வந்தன. நம் ஆள் என்பதால் நமக்கு உடனே கோல் வேண்டும், ஆட்டநாயகன் விருது வேண்டும். ஒரு ஆட்டத்தில் இருபது நிமிடம் வந்து எதுவும் செய்யவில்லை என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. எனக்கும்தான்.

ஆனால் அவர் ஆடுவது எந்த இடத்தில் என்று யோசியுங்கள். 2025 மார்ச்சில் அந்த அணியின் பொறுப்பு யார் கைக்குப் போனது தெரியுமா? அதே ஹூரிஹேன். நான்காம் பிரிவில் இறங்கி, அங்கிருந்து ஏறி, இதே மைதானத்தில் இதே நடுகளத்தில் நின்று “இவன் ஓட மாட்டான்” என்று ரசிகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட மனிதர். ஒரு இளம் மிட்ஃபீல்டருக்கு அதைவிடப் பொருத்தமான வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

விமல் இறங்கும் ஆட்டம் கிடைத்தால் மூன்று பேரைச் சேர்த்தே பாருங்கள்: அவர், அவருக்குப் பக்கத்தில் இருப்பவர், பின்னால் நிற்பவர். பந்து மறுபக்கம் இருக்கும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாரா? கூட இருப்பவர் முன்னே ஓடினால் இவர் நிற்கிறாரா, அல்லது இவரும் சேர்ந்து ஓடி நடுவைத் திறந்துவிடுகிறாரா? பந்தை இழந்த அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறார்? குறித்துக்கொண்டு ஒரு பத்து ஆட்டம் போகட்டும், அப்புறம் வந்து கேளுங்கள். அப்போது அவரையும் கொனெலையும் வைத்துச் சண்டை போடலாம், நானும் வருகிறேன்.